ஆண்கள் வார்டில் ஒரு கடைவாய்ப்பல்

முழங்காலில் ரத்தம் கட்டிக்கொண்டு மறுபடியும் படுத்திருக்கிறேன். காலுக்கு அடியில் இரண்டு தலையணை, மேலே ஐஸ் பை. நான் வேலை பார்க்கும் மாட்டுங்கா மருந்துக்கடை முதலாளி, வீக்கம் வடிந்த பிறகு வந்தால் போதும் என்று சொல்லியனுப்பிவிட்டார். கால்தான் அசையக் கூடாதே தவிர கை சும்மாதான் இருக்கிறது. அதனால் வெகுநாளாக எழுத நினைத்த ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன், இல்லை, எழுதப் படுத்திருக்கிறேன்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு நான் மாறிய சமயத்தில் நடந்தது இது. என்னைப் போலப் பிறக்கும்போதே நோயோடு பிறந்து, எல்லாரும் பயந்ததற்கு மாறாக வளர்ந்துவிட்ட பிள்ளைகள் இந்தப் பம்பாயில் இன்னும் சிலராவது இருப்பார்கள். நாங்கள் வளர்வோம் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் வளர்ந்த பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாரிடம் என்ன சொல்வது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

எனக்கு இருப்பது ரத்தம் உறையாத நோய். டாக்டர்கள் ஹீமோபிலியா என்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு வெட்டுக்காயம் பட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் தானே கெட்டியாகிக் காயத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். எனக்கு அது கசிந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிகிற காயத்தைவிட உள்ளே கசிவதுதான் மோசம். ஓடி விளையாடினால் முழங்காலுக்குள் ரத்தம் இறங்கி, கால் பானை மாதிரி வீங்கிவிடும். வலி என்றால் போர்வை மேலே பட்டால்கூடக் கத்தத் தோன்றும்.

எனக்குச் சுன்னத்து செய்த அன்று ரத்தம் நிற்காமல் போய், தாராவியிலிருந்து விக்டோரியா குதிரை வண்டியில் உம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே இருந்த பார்சி டாக்டரம்மாதான் நோயைக் கண்டுபிடித்தவர். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி எனக்கு இன்னொரு வீடாகிவிட்டது. கம்பி வைத்த கட்டில், சுவரில் வரைந்த கிளி, பாலில் கலந்து தரும் மருந்து எல்லாமே பழக்கம். உம்மா பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்ளலாம். டாக்டரம்மா எதைக் கேட்டாலும் உம்மாவைத்தான் கேட்பார். எங்கே வலிக்கிறது என்பதைக்கூட உம்மாதான் சொல்வாள், பெரும்பாலும் சரியாகவே சொல்வாள். பிறகு இருவரும் வராந்தாவுக்குப் போய் மெதுவான குரலில் பேசுவார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன்.

"டாக்டரம்மா என்ன சொன்னாஹ?" என்று உம்மாவிடம் கேட்பேன்.

"ஒண்ணுமில்ல. நல்லாயிரும்ன்னு சொன்னாஹ."

ஒண்ணுமில்லாததை எதற்கு வராந்தாவில் போய்ப் பேச வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் புரியாத விஷயமாக இருந்தது.

எனக்குப் பதிமூன்று வயதானபோது கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகிச் சீழ் பிடித்தது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்கும் சீனிக்கும் ரேஷன் வந்திருந்தது. எங்கள் டாக்டரம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டிருந்தார். கன்னம் வீங்கிய என்னை உம்மா வழக்கம்போலக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வாசலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வயதுக்கு மேலே இங்கே எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"பச்சா ஹை சாப், பச்சா!" என்று உம்மா தனக்குத் தெரிந்த இந்தியில், நான் குழந்தைதான் என்று மன்றாடினாள். எனக்கு அப்போது மேலுதட்டில் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. உம்மா தன் முந்தானையால் என் வாயை மறைத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு மறுநாள் போனோம். அங்கே ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஆண்கள் பக்கம் உம்மாவை விடவில்லை. வாப்பாதான் என்னோடு உள்ளே வந்தார். வாப்பா தாராவியில் தோல் கிடங்கு ஒன்றில் கூட்டாளி. என் நோயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது என்னிடம் இருக்கிறது என்பதுதான். வரிசையில் நிற்கும்போது என் காதருகே குனிந்து, "என்னவாம்ன்னு கேட்டா என்ன சொல்லணும்டா? ஒங்க உம்மாவுக்குத்தானே தெரியும்" என்றார்.

எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது. என் உடம்பைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

பல் பிடுங்கும் அறையில் இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறந்து பார்த்து, உடனே பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். திற என்றார். நான் தலையாட்டினேன். என் மூக்கைப் பிடித்தார். மூச்சு முட்டித் திறந்த வாயால் நான் கத்தினேன்: "மேரா கூன் ருக்தா நஹீ!"

என் ரத்தம் நிற்காது. அதுவரை என் வாயால் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. இளம் டாக்டர் சிரித்தார். "எல்லோரும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது ஒன்று சொல்கிறார்கள்" என்றார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுத்த அறையிலிருந்து பெரிய டாக்டர் வந்தார்.

பெரிய டாக்டர் மராட்டிக்காரர். தலை நரைத்தவர். எந்த நேரமும் வாயில் ஏலக்காய் மெல்லுவார். அவர் என்னோடு பேசியதெல்லாம் இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் வாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நிற்காது என்று எப்படித் தெரியும்?"

நான் முழங்கால் வீங்குவதைச் சொன்னேன். சின்ன வயதில் நாக்கைக் கடித்துக்கொண்டு நாள் கணக்கில் ரத்தம் துப்பியதைச் சொன்னேன். சுன்னத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவு எனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"இருக்கலாம். பார்த்துவிடுவோம்" என்றார் அவர். என் கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டார். ஊசி குத்திய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி வாப்பாவிடம் சொன்னார். பிறகு சிரித்த இளம் டாக்டரைச் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, அவர் ரத்தத்தையும் இன்னொரு குழாயில் எடுத்தார். இரண்டையும் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்.

"ஆடாமல் பார்த்துக்கொண்டிரு. நான் வருகிறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போனார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்வலிகூட மறந்துவிட்டது. அவர் வந்து இளம் டாக்டரின் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் நகரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை, நோன்புக்கு உம்மா காய்ச்சி ஆற வைக்கும் கடற்பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. என் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் போல ஓடி வந்தது. இன்னும் வெகுநேரம் கழித்துச் சாய்த்தபோதும் ஓடியது. இளம் டாக்டர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, குறட்டைத் தானே எடுத்துத் தட்டில் வைத்தார்.

என்னை வார்டில் சேர்த்தார்கள்.

ஆண்கள் வார்டுக்கும் குழந்தைகள் வார்டுக்கும் உள்ள முதல் வித்தியாசம் கட்டிலில் கம்பி கிடையாது என்பது. விழுந்தால் விழ வேண்டியதுதான். இரண்டாவது, பீடி வாசனை. பிடிக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்த பலகைக்குக் கீழேயே பிடிப்பார்கள். குழந்தைகள் வார்டில் யாராவது இறந்துபோனால் முதலில் திரையைப் போடுவார்கள், எங்களுக்குக் கதை சொல்ல ஒரு நர்ஸ் வருவாள். இங்கே எதிர்க் கட்டில்காரர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இறந்துபோனார். வெள்ளைத் துணியைப் போர்த்தித் தூக்கிப் போனார்கள். பக்கத்துக் கட்டில் ஆலைத் தொழிலாளி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், அவர்கள் போனதும் உட்கார்ந்து மறுபடி சாப்பிட்டார். நான் பயந்தேன். ஆனால் அதைவிட அதிகமாக, பெரியவர்கள் எப்படி இதைச் செய்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே என்னைப் பற்றிப் பேசினார்கள். மாணவர்கள் கூட்டமாக வருவார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்வார். ஒருநாள் நான் துணிந்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். மாணவர்கள் திகைத்தார்கள். அவர் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்கள் வீட்டில் பாலைத் தயிராக்க என்ன செய்வாள் உன் அம்மா?"

"உறை மோர் ஊத்துவாஹ."

"ஊற்றாவிட்டால்?"

"பால் பாலாவே இருக்கும்."

"உன் ரத்தமும் அப்படித்தான். பால் நல்ல பால். உறை மோர்தான் குறைச்சல். அது என்ன பொருள், எங்கே கிடைக்கும் என்று உலகத்தில் இன்னும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது."

பெரிய டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். எனக்கு அது பயமாக இல்லை, ஏதோ மரியாதை கொடுத்த மாதிரி இருந்தது.

சீழை அடக்கச் சல்ஃபா மாத்திரை கொடுத்தார்கள். குமட்டும், ஆனால் வீக்கம் குறைந்தது. இருந்தாலும் பல்லை எடுத்தே ஆக வேண்டும், விட்டால் சீழ் தாடை எலும்புக்குப் போய்விடும் என்றார் டாக்டர். எடுத்தால் ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒருநாள் காலை ஒரு சின்னக் குப்பியோடு வந்தார்.

"இது பரேலில் பாம்பு வளர்க்கிற இடத்திலிருந்து வருகிறது. என்ன பாம்பு தெரியுமா?" என்று கேட்டு, கையால் சங்கிலி மாதிரிக் காற்றில் வளையம் வளையமாகப் போட்டுக் காட்டினார்.

"கண்ணாடி விரியன்!" என்றேன். தோல் கிடங்கில் அதன் தோல் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார்கள்.

அந்த விஷம் ரத்தத்தை உறைய வைக்கும், மிக மிகக் குறைவாகத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சில் நனைத்துக் காயத்தில் வைத்தால் அந்த இடத்தை மட்டும் அடைக்கும் என்று விளக்கினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். என் ரத்தத்தை மறுபடி குழாயில் எடுத்தார். குப்பியிலிருந்து ஒரு சொட்டை என் கையாலேயே விடச் சொன்னார். விட்டேன். குழாயைச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை.

முதல் தடவையாக என் ரத்தம் கெட்டியாகி நிற்பதைப் பார்த்தேன். குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், கவிழ்த்தேன், ஆட்டினேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினேன். அவருக்கு அதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை, ஆனாலும் "அச்சா, அச்சா" என்றார்.

உம்மாவிடம் சொன்னபோதுதான் வம்பு. பார்வையாளர் நேரத்தில் மட்டும் அவள் வரலாம். கஞ்சித் தூக்கைத் திறந்துகொண்டிருந்தவள் மூடிவிட்டாள்.

"பாம்பு வெசத்தயா? வாயிலயா? ஒனக்கு என்ன பைத்தியமாலே?"

"நானே பாத்தேன் உம்மா. கட்டி மாதிரி நின்னுச்சு."

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். தோல் வாசனை போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வாப்பாவின் கைகள் சிவந்திருந்தன, ஆஸ்பத்திரிக்கு வருமுன் தினமும் அப்படித்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பள்ளிவாசல்ல கேட்டேன். உசுரக் காப்பாத்துற மருந்துன்னா தடையில்லன்னுட்டாஹ" என்றார். எனக்கே தெரியாமல் அவர் டாக்டரைப் பார்த்து எல்லாம் கேட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வழி பண்ணி, எனக்காக ரத்தம் கொடுக்கவும் சம்மதித்திருந்தார். அவர் ரத்தம் எனக்குச் சேரும் என்று சொட்டு வைத்துப் பார்த்துவிட்டார்களாம்.

அதற்கு முந்தின நாள் பெரிய டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: உன் அம்மாவின் அண்ணன் தம்பிகள் யாராவது இப்படி ரத்தம் போய் இறந்திருக்கிறார்களா? எனக்குத் தெரியவில்லை. உம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்களே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வாப்பா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் உம்மாவிடம் கேட்டேன்.

உம்மா வெகுநேரம் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மூத்தவன் காதர். சுன்னத்துல ஒனக்கு ரத்தம் போன மாதிரியே அவனுக்கும் போச்சு, நிக்கவே இல்ல. ஊர்ல ஏது ஆஸ்பத்திரி? அவனுக்கு அடுத்துப் பொறந்தவன், மாங்கா பறிக்கப் போயி மரத்துலேந்து விழுந்தான். வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்ல. வயிறு மட்டும் வீங்கிச்சு. கண்ணு பட்டுட்டுன்னு எங்க உம்மா சாவுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாஹ."

"இது டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் எனக்கே சொன்னாஹ. எங்க வழியாத்தான் வருதாம். பொம்பளைக்கு ஒண்ணும் செய்யாதாம், பெக்கிற ஆம்பளப் புள்ளைக்குத்தான் போவுமாம்."

அந்த வராந்தாவில் பேசியது இதுதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒன் நோவ நாந்தான் குடுத்தேன்னு சொல்லவா?"

"இந்த மூக்கையும் நீங்கதானே குடுத்திய" என்றேன். எங்கள் இருவருக்கும் ஒரே சப்பை மூக்கு. உம்மா சிரிக்கத் தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தெளிந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"இத மைமூன்கிட்ட சொல்லிராத. நிக்காஹ் முடியட்டும்."

மைமூன் என் லாத்தா, அக்கா. லேபர் கேம்ப் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் காசிம் என்பவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். லாத்தாவுக்கும் இது இருக்கலாம் என்பதே எனக்கு உம்மா சொன்ன பிறகுதான் தோன்றியது. மறுநாள் டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வழி கிடையாது. ஆண்பிள்ளை பிறந்தால்தான் தெரியும். அதிலும் எல்லா ஆண்பிள்ளைக்கும் வராது" என்றார்.

பல்லை எடுத்தார்கள். வாப்பாவின் ரத்தம் ஒரு போத்தலிலிருந்து ரப்பர் குழாய் வழியாக என் கைக்குள் இறங்கியது. பல்லைப் பிடுங்கியது அதே இளம் டாக்டர்தான், இந்த முறை மெதுவாகச் செய்தார். விஷப் பஞ்சை வைத்து வாயைக் கட்டினார்கள். கசிவு ஒரே நாளில் நிற்கவில்லை. நிற்பது போல நிற்கும், மறுபடி உப்புக் கரிக்கும். நாக்கால் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று கட்டளை. அதுதான் பெரிய கஷ்டம். பஞ்சு மாற்றும் போதெல்லாம் கண்ணாடி கேட்டேன். நர்ஸ் திட்டிக்கொண்டே கொடுப்பாள். பள்ளத்தில் கறுப்பாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு வாரம் போல ஆனபோது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

அந்த வாரத்தில்தான் லாத்தா வந்தாள். உம்மாவுக்குத் தலைவலி என்று அவளை வாப்பாவோடு அனுப்பியிருந்தார்கள். வாப்பா டாக்டரைப் பார்க்கப் போனதும் முக்காட்டை விலக்கி, என்னை உற்றுப் பார்த்தாள்.

"உம்மா ஒரு மாதிரி இருக்காஹ. என்னப் பாத்தா அழுதாஹ. ஒனக்கு ஏதும் ஆபத்தா? சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்ல."

"பொறவு?"

அப்போது எனக்கு வராந்தா ஞாபகம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்த நாட்களெல்லாம். நான் கட்டுப் போட்ட வாயால் குழறிக் குழறி அவளிடம் சொல்லிவிட்டேன். மாமாமார்களை, உம்மாவை, அவளை. முடிந்ததும், "இருக்குமா இல்லையான்னு கண்டுபுடிக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். முடியாது என்றேன். என் போர்வையைச் சரி செய்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்தது சரியா என்று அன்று முழுதும் உருண்டுகொண்டிருந்தேன். உம்மாவுக்குச் சத்தியம் ஒன்றும் பண்ணிக் கொடுக்கவில்லைதான். ஆனால் அவள் பிடித்த கை என் கைதானே.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில், எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு ஓர் ஆள் என் கட்டிலைத் தேடி வந்தார். கையில் ஒரு பொட்டலம் ஆரஞ்சு. கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும், எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது.

"ஹமீது நீதானா? நான் காசிம்."

நான் எழுந்து உட்கார முயன்றேன். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"ஒங்க லாத்தா எந் தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பிச்சா. ஒன்னப் போயிப் பாக்கணுமாம், நான் கேக்குறதுக்கெல்லாம் நீ உள்ளதச் சொல்லுவியாம்."

நான் சொல்வதால் லாத்தாவின் கல்யாணம் நின்றுபோகலாம். ஒண்ணுமில்லை என்று சொல்வதும் என் கையில்தான் இருந்தது. அது எனக்குப் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சொல். ஆனால் லாத்தா எல்லாம் தெரிந்துதான் அவரை அனுப்பியிருக்கிறாள்.

"கேளுங்க" என்றேன்.

"வலிக்குமா?"

இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். "ரத்தம் போறது வலிக்காது. மூட்டுல எறங்குனா வலிக்கும். ரொம்ப."

"பள்ளிக்கொடம் போனியா?"

"போனேன். பாதி நாள் படுக்கை. மீதி நாள் போனேன்."

"ஓடுவியா?"

"ஓடக் கூடாது. ஓடியிருக்கேன்."

அவர் சிரித்தார். ஓர் ஆரஞ்சை உரித்து, சுளையை என்னிடம் நீட்டி, என் வாய்க்கட்டைப் பார்த்துவிட்டுத் தானே தின்றார்.

"பொம்பளப் புள்ள பொறந்தா?"

"அவளுக்கு ஒண்ணும் செய்யாது. அவ புள்ளைக்கு வரலாம்."

"ஆம்பளப் புள்ளைன்னா?"

"வரலாம். வராமலும் போவலாம். லாத்தாவுக்கே இருக்கோ இல்லையோ தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

"வந்தா பொழைக்குமா?"

நான் வார்டைப் பார்த்தேன். பொய் சொல்ல இடமில்லாத அறை அது. "எங்க மாமாமார் ரெண்டு பேரும் பொழைக்கல. நான் இருக்கேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மணி அடித்ததும் எழுந்து, மீதி ஆரஞ்சுகளைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசல் வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

விஷயம் தெரிந்து உம்மா வந்து கத்தித் தீர்த்தாள். "ஒனக்கு வாய்க்கட்டுப் போட்டும் பிரயோசனமில்லாமப் போச்சே!" என்றாள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் திரும்பிப் படுத்துக்கொண்டார். காசிம் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. லாத்தா பேசாமல் சமைத்துப் போடுகிறாள் என்று வாப்பா சொன்னார். அவள் வைத்த முட்டைக் கஞ்சிதான் தினமும் எனக்கு வந்தது. ஒருநாளும் குறையவில்லை.

எனக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டிருந்த சமயம் காசிம் மறுபடி வந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவர் போல இருந்தார், சட்டையில் இரும்புத் தூள் மின்னியது. உட்காரவில்லை. யோசித்து வைத்திருந்ததைக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

"புள்ள தவழும்போது எங்கெல்லாம் இடிச்சிக்கும்?"

எனக்கு உடனே புரியவில்லை.

"கட்டிலு, பொட்டி, வாசப்படி, அடுப்பு மேடை... கூரா இருக்க மூலையெல்லாம் அரத்தாலயும் உளியாலயும் ராவிட்டாப் போதுமா? எந்த ஒயரம் வரைக்கும் ராவணும்?"

நான் கட்டிலிலிருந்து கையை இறக்கி, தவழும் வயதில் தரையிலிருந்து என் மண்டை இருந்திருக்கும் உயரத்தை நினைத்துப் பார்த்துக் காட்டினேன். அவர் குனிந்து, தன் தொடையில் அந்த இடத்தில் விரலை வைத்து அளந்துகொண்டார். பிறகு யோசித்து விரலை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினார்.

"வளந்துரும்ல்ல" என்றார். "வாறேன் மச்சான்."

மழைக்காலம் முடிந்ததும் நிக்காஹ் நடந்தது. இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, எங்கள் சப்பை மூக்கோடு. லாத்தா மறுபடி உண்டாகியிருக்கிறாள். என்ன பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெரிய டாக்டரிடம் நானே தனியாகப் போய் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆண்பிள்ளையாக இருந்தால் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் சுன்னத்துக்குக் கத்தியைத் தொடக் கூடாது என்று மச்சானும் தன் வீட்டுப் பெரியவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த முறை முழங்காலில் இடித்துக்கொண்டது மருந்துக்கடையில். அதற்கு முன்னால் ட்ராமில், அதற்கு முன்னால் எங்கள் வீட்டில். லேபர் கேம்பில் லாத்தாவின் ஒற்றை அறையில் மட்டும், கட்டிலும் பெட்டியும் குழந்தையும் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்த இடத்தில், நான் இதுவரை ஒருதடவைகூட இடித்துக்கொண்டதில்லை.